குளிருடையோடு தண்ணீரில் இறங்காதீர்கள்

தடித்த கோட், கம்பளி ஸ்வெட்டர், ஜீன்ஸ், பூட்ஸ். இந்தக் கோலத்தில், உறைநிலையை ஒட்டிய குளிரில் கிடக்கும் ஏரியிலோ ஆற்றிலோ ஒருவர் இறங்கினால் என்ன ஆகும்? இதைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் பரவலாக இருக்கின்றன. உடை ஊறிக் கனத்து, ஆளை அப்போதே அடியில் இழுத்துவிடும் என்பது ஒன்று. கரையில் குளிரைத் தாங்கிய உடை தண்ணீரிலும் தாங்கும், அதனால் கொஞ்ச தூரமாவது நீந்திவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு, இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடியவை. முதல் நம்பிக்கை, தவறி விழுந்தவரைப் பதறவைத்து, கழற்றக் கூடாத உடையைக் கழற்றவைக்கிறது. இரண்டாவது நம்பிக்கை, இறங்கவே கூடாதவரை இறங்கவைக்கிறது.

குளிர்காலத்தில் உடுத்த உடையோடு தண்ணீருக்குள் போகிறவர்கள் பல வகையினர். உறைந்த ஏரியின் மேல் நடக்கும்போது பனிக்கட்டி உடைந்து விழுகிறவர்கள் உண்டு. படகு கவிழ்ந்தவர்கள் உண்டு. நாய் விழுந்துவிட்டதே, குழந்தை விழுந்துவிட்டதே என்று பின்னாலேயே பாய்கிறவர்கள் உண்டு. வீடியோ எடுப்பதற்காகக் குதிக்கிறவர்களும், விழுந்தால் எப்படி இருக்கும் என்று பழகிப்பார்க்கத் தனியாக இறங்குகிறவர்களும் உண்டு. காரணம் எதுவாக இருந்தாலும் உடலுக்கு நேர்வது ஒன்றுதான். அது எந்த வரிசையில் நேர்கிறது, அதில் உடையின் பங்கு என்ன என்பதை ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த அளவுகள் எல்லாம் சொல்லும் செய்தி இதுதான்: குளிருடை நீந்த உதவாது, மிதந்து காத்திருக்க உதவும். இந்த வேறுபாடு தெரியாமல் போவதால்தான் தப்பித்திருக்கக்கூடியவர்களும் சாகிறார்கள்.

முதல் நிமிடம்

குளிர்நீரில் விழுந்தவர் மெல்ல மெல்ல விறைத்துச் சாகிறார் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. விறைப்பதற்கு வெகுமுன்பே மூழ்கிவிடுகிறார்கள். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்த ஃபிராங்க் கோல்டனும், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் ஆய்வாளர் மைக்கேல் டிப்டனும் இந்த ஆபத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்து விளக்கியிருக்கிறார்கள். முதல் சில நிமிடங்களில் குளிர் அதிர்ச்சி. அடுத்த அரைமணி நேரத்துக்குள் கைகால்கள் செயலிழத்தல். அரைமணி நேரத்துக்குப் பிறகே உடலின் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குதல். கடைசியாக, மீட்கும் தறுவாயிலோ மீட்ட பின்னோ நேரும் சரிவு.

முதல் கட்டம் தோலிலிருந்து தொடங்குகிறது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடலின் வெப்பத்தைக் கடத்துகிறது. தோல் திடீரெனக் குளிர்ந்ததும், நம் விருப்பத்தைக் கேளாமலே ஒரு பெருமூச்சு உள்ளே பாய்கிறது. அந்த ஒரு மூச்சில் இரண்டு மூன்று லிட்டர் காற்று உள்ளே போகும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் போவது காற்றல்ல, தண்ணீர். அதைத் தொடர்ந்து மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்குகிறது, இதயம் படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. வெதுவெதுப்பான குளத்தில் ஒரு நிமிடம் மூச்சடக்கக்கூடியவரால் இங்கே சில நொடிகள்கூட அடக்க முடியாமல் போகலாம். எவ்வளவு மனஉறுதி உள்ளவராக இருந்தாலும் இந்த எதிர்வினையைத் தடுக்க முடியாது.

இதற்குப் பனிக்கட்டி மிதக்கும் தண்ணீர் வேண்டும் என்பதில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கடலோர மீட்புப் பணி செய்யும் ஆர்.என்.எல்.ஐ. என்ற தொண்டு நிறுவனம், 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள எந்த நீரிலும் குளிர் அதிர்ச்சி வரலாம் என்று எச்சரிக்கிறது. அந்த நாடுகளைச் சுற்றியுள்ள கடலின் சராசரி வெப்பநிலையே 12 டிகிரிதான். வெயில் அடிக்கும் மே மாதத்திலும் அங்கே தண்ணீர் குளிர்நீர்தான்.

தலைகுப்புறக் குதிக்கிறவருக்கு இன்னொரு ஆபத்தும் காத்திருக்கிறது. குளிர் அதிர்ச்சி இதயத்தை விரைவாக ஓடச் சொல்கிறது. அதே நேரம், முகம் குளிர்நீரில் அமிழ்ந்து மூச்சு அடங்கும்போது வேறொரு நரம்புவழி இதயத்தை மெதுவாக ஓடச் சொல்கிறது. ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு கட்டளைகளும் ஒருசேர வந்தால் இதயத்துடிப்பு தாளம் தவறலாம் என்று டிப்டனும் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மைக்கேல் ஷாட்டாக்கும் 2012இல் எழுதினார்கள். இதயக் கோளாறு உள்ளவருக்கும், அந்தக் கோளாறு இருப்பதே தெரியாதவருக்கும் இது உயிராபத்து.

கோட்டும் ஸ்வெட்டரும் இந்த முதல் நிமிடத்தில் என்ன செய்யும்? தோலுக்குத் தண்ணீர் எட்டுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தி அதிர்ச்சியைச் சற்றுக் குறைக்கலாம். ஆனால் கழுத்து வழியாகவும் மணிக்கட்டு வழியாகவும் இடுப்பு வழியாகவும் தண்ணீர் நுழைந்துவிடும். உடையை நம்பிக் குதிக்கிறவர் இந்தச் சிறு தாமதத்தைப் பாதுகாப்பு என்று தவறாகக் கணக்கிடுகிறார்.

அடுத்த பத்து நிமிடங்கள்

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரைப் பற்றி ஆராய்வதற்காகத் தாமே பலமுறை அதில் இறங்கியவர். உறைநிலையை ஒட்டிய நீரில் விழுந்தவர் நினைவில் வைக்க வேண்டிய கணக்கை அவர் 1, 10, 1 என்று சுருக்கினார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கைகால்கள் சொன்னபடி கேட்கும் காலம் 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவிழக்க 1 மணி நேரம். ஆளுக்கு ஆள், நீருக்கு நீர் இது மாறும். ஆனாலும் விழுந்தவர் தம் முயற்சியை எங்கே செலவழிக்க வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அந்தப் பத்து நிமிடங்களுக்குள் நடப்பது இது. உடல், உள்ளுறுப்புகளைக் காப்பதற்காகக் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. விரல்கள் மடங்க மறுக்கின்றன. கயிற்றைப் பிடிக்க முடியாது, ஜிப்பை இழுக்க முடியாது, பனிக்கட்டியின் விளிம்பைப் பற்ற முடியாது. பிறகு தோளும் தொடையும் தளர்கின்றன. நீந்துகிறவரின் கால்கள் கீழே தாழ்கின்றன. உடல் படுக்கைவாட்டிலிருந்து நிமிர்ந்து நிற்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு வீச்சும் முன்னே தள்ளுவதற்குப் பதில் தலையை மேலே வைத்திருக்கவே செலவாகிறது. உள்வெப்பம் அப்போதும் 37 டிகிரியை ஒட்டியே இருக்கும். விறைத்துச் சாவதற்கான நேரமே வரவில்லை. அதற்குள் நீச்சல் தோற்றுவிடுகிறது.

நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே கதிதான். பிரிட்டிஷ் உடலியங்கியல் மருத்துவர் வில்லியம் கீட்டிஞ்சும் அவருடைய சகாக்களும் 1969இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெதுவெதுப்பான நீரில் சிரமமின்றி நீந்தியவர்கள், 5 டிகிரிக்கும் குறைவான நீரில் உடையோடு நீந்தியபோது சிலர் ஒருசில நிமிடங்களிலேயே தத்தளித்து நின்றுவிட்டார்கள். நீரின் பாகுத்தன்மையும் இதில் ஒரு காரணம். 25 டிகிரி நீரைவிட 5 டிகிரி நீரின் பாகுத்தன்மை ஒன்றரை மடங்குக்கும் மேல். விரைவாக வாங்கும் மூச்சு, வலுவிழக்கும் தசை, தடுக்கும் நீர், இழுக்கும் உடை ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தால் நீச்சல் தெரியும் என்ற தைரியத்துக்கு அங்கே இடமில்லை.

தண்ணீருக்குள் உடை

உடையின் கனத்தைப் பற்றிய பயத்துக்கு வருவோம். கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு இது தெரியும்: நிறைந்த வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிற்றில் பாரம் தெரியாது, நீர்மட்டத்தைத் தாண்டி மேலே வந்ததும்தான் கை இறங்கும். ஊறிய கோட்டும் அப்படியே. அதற்குள் இருக்கும் தண்ணீர் வெளியே இருக்கும் தண்ணீரோடு சமம். அதனால் அது ஆளைக் கீழே இழுக்காது. உடை இழைகளின் சொந்த எடை நீருக்குள் மிகச் சிறியது.

அதோடு, விழுந்த முதல் சில நிமிடங்களுக்குக் குளிருடை மேலே தூக்கவும் செய்கிறது. அடுக்கடுக்கான துணிகளுக்கு இடையிலும், கோட்டின் பஞ்சுக்குள்ளும், பூட்ஸுக்குள்ளும் காற்று சிக்கியிருக்கிறது. இந்தக் காற்றே ஆளை மிதக்கவைக்கும் அளவுக்குப் பயன்படும் என்று 2011இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. விழுந்ததும் கைகால்களை உதறாமல் முதலில் மிதக்க வேண்டும் என்ற அறிவுரைக்கு அதுவும் ஓர் ஆதாரம். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி அடித்தால் கழுத்து வழியாகவும் கைப்பட்டை வழியாகவும் அந்தக் காற்று வெளியேறிவிடும். பதற்றத்தில் கோட்டைக் கழற்ற முனைகிறவர், இலவசமாகக் கிடைத்த மிதவையைத் தாமே வீசி எறிகிறார். பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கக் குனிகிறவரின் முகம் தண்ணீருக்குள் போகிறது, அதுவும் மூச்சு கட்டுக்கடங்காத அந்த நிமிடத்திலேயே.

மிதக்க உதவும் இதே உடை நீச்சலுக்குப் பகை. ஊறிய கைப்பட்டை ஒவ்வொரு வீச்சிலும் தண்ணீரை அள்ளுகிறது. கையை நீருக்கு மேலே எடுத்து வீசும் நீச்சலில், நீர்மட்டத்தைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அந்தக் கனத்தைத் தோள் தூக்க வேண்டும். தொளதொளத்த கோட்டும் ஜீன்ஸும் நீரை எதிர்த்து நிற்கின்றன. பூட்ஸ் அணிந்த கால் உதைத்தால் தள்ளுவிசை கிடைப்பதில்லை. மஃப்ளர் கழுத்தைச் சுற்றுகிறது. உடையில்லாமல் ஐம்பது மீட்டரை எளிதில் கடப்பவருக்கு, குளிருடையோடு குளிர்நீரில் அதே தூரம் கரை எட்டாத தூரமாகிவிடலாம்.

வெப்பத்தின் கணக்கும் இதே முடிவுக்குத்தான் வருகிறது. அசையாமல் மிதக்கும்போது உடைக்குள் தேங்கும் நீரை உடல் கொஞ்சம் சூடாக்குகிறது. அந்த மெல்லிய படலம் வெளியே உள்ள குளிரைச் சற்றுத் தடுக்கிறது. நீந்தத் தொடங்கினால் அந்த நீர் வெளியேறிப் புதுக் குளிர்நீர் உள்ளே பாய்கிறது. உழைக்கும் தசைகளுக்கு ரத்தம் ஓடி அங்கிருந்து வெப்பம் கசிகிறது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜான் ஹேவர்டும் சகாக்களும் 1970களில் செய்த ஆய்வுகளில், குளிர்நீரில் நீந்துகிறவரின் உடல் அசையாமல் மிதப்பவரின் உடலைவிட ஏறத்தாழ 35 சதவீதம் வேகமாகக் குளிர்ந்தது. உடம்பு சூடாகட்டும் என்று நீந்துவது அங்கே நேர்மாறான பலனைத் தருகிறது. லைஃப் ஜாக்கெட் அணிந்திருப்பவர் முழங்காலை மார்போடு மடக்கி, கைகளைப் பக்கவாட்டில் ஒடுக்கி அசையாமல் மிதக்க வேண்டும் என்று இன்று உலகெங்கும் சொல்லிக்கொடுக்கப்படும் நிலை ஹேவர்டின் ஆய்விலிருந்து வந்ததே.

உடையைக் கழற்றாதீர்கள் என்ற அறிவுரைக்குப் பின்னால் கடலில் இறந்தவர்களின் வரலாறு இருக்கிறது. 1963 டிசம்பர் 22 இரவு, லக்கோனியா என்ற கிரேக்கப் பயணக் கப்பல் மடெய்ரா தீவுக்கு அருகே அட்லாண்டிக் கடலில் தீப்பிடித்தது. 128 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் இறந்தது தீயில் அல்ல, லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்த தண்ணீரில். அந்த நீர் ஏறத்தாழ 18 டிகிரி, பனிக்கடல் அல்ல. அந்த மரணங்களை ஆராய்ந்த கீட்டிஞ், குளிரே முதன்மைக் காரணம் என்று எழுதினார். கப்பலைவிட்டு இறங்குகிறவர்கள் கிடைத்த உடையையெல்லாம் அணிந்துகொள்ள வேண்டும், தண்ணீரில் வீணாக நீந்தக் கூடாது என்பதே அவர் தொடர்ந்து வலியுறுத்திய பாடம்.

ஒருவர் நீந்திக் கரைசேர்ந்தார் என்பதற்காக

இதற்கு எதிராக ஒரு கதை எப்போதும் சொல்லப்படும். கதை உண்மையானது, அதனால் அதை முழுதாகச் சொல்ல வேண்டும். 1984 மார்ச் 11 இரவு, ஐஸ்லாந்தின் தெற்கே வெஸ்ட்மன் தீவுகளுக்கு அருகே ஹெல்லிசேய் என்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. அதில் ஐந்து பேர் இருந்தார்கள். கடல்நீர் 5, 6 டிகிரி. அவர்களில் ஒருவரான குத்லௌகுர் ஃப்ரித்தோர்சன் சட்டையும் ஸ்வெட்டரும் ஜீன்ஸும் அணிந்தபடி ஐந்து கிலோமீட்டருக்கும் மேல், ஐந்து ஆறு மணி நேரம் நீந்தி ஹெய்மேய் தீவின் கரையை அடைந்தார். அதன்பின் எரிமலைப் பாறைகளின் மேல் வெறுங்காலோடு நடந்து ஊருக்குள் போய்க் கதவைத் தட்டினார். ஐஸ்லாந்து அவரை இன்றும் கொண்டாடுகிறது. 2012இல் திரைப்படமாகவும் எடுத்தது.

மற்ற நால்வரும் அந்த இரவில் இறந்தார்கள். அதே கடல், அதே குளிர். பிழைத்தவரை லண்டனுக்கு அழைத்துக் குளிர்நீரில் இருத்தி ஆராய்ந்தவர், முன்பு நாம் பார்த்த அதே கீட்டிஞ்தான். முடிவு 1986இல் வெளியானது. உயரமும் பருமனும் மிக்க அந்த மனிதரின் தோலுக்கடியில் இருந்த தடித்த கொழுப்புப் படலம்தான் அவருடைய உள்வெப்பத்தைக் காத்தது. மற்றவர்களின் உடல் குளிரும் அளவுக்கு அவருடைய உடல் குளிரவில்லை. அவர் அணிந்திருந்த ஸ்வெட்டரும் ஜீன்ஸும் அல்ல, அவருக்கு அமைந்த உடம்பே அவரைக் காப்பாற்றியது. அந்த உடம்பு நமக்கில்லை. அவர் கதையைக் கேட்டு நாம் எண்ண வேண்டியது இறந்த நால்வரை.

உடையோடு பழக்கும் நாடுகள்

உடையோடு நீந்துவதை முறையாகக் கற்றுத்தரும் நாடுகள் இருக்கின்றன. கால்வாய்கள் நிறைந்த நெதர்லாந்தில் பிள்ளைகள் பெறும் ஏ, பி, சி நீச்சல் சான்றிதழ்களுக்கான தேர்வில் உடையோடும் காலணியோடும் நீந்திக் காட்ட வேண்டும். சி சான்றிதழுக்குக் கோட்டும் சேரும். ஜப்பானியப் பள்ளிகள் உடையோடு விழுந்தால் மல்லாந்து மிதந்து காத்திருக்கப் பழக்குகின்றன. தென்கொரியாவில், 2014 ஏப்ரல் 16இல் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் பள்ளி மாணவர்கள். அதன்பின் உயிர்காக்கும் நீச்சல் தொடக்கப்பள்ளிப் பாடமாகப் பரவியது. சுவீடனில் பள்ளி மாணவர்கள் பனிக்கட்டியில் வெட்டிய துவாரத்தில் உடையோடு இறங்கி, கழுத்தில் மாட்டிய ஆணிப்பிடிகளைப் பனிக்கட்டியில் குத்தி மேலேறப் பழகுகிறார்கள்.

இந்தப் பயிற்சிகளைப் பார்த்து, நாமும் இறங்கிப்பார்த்தால் என்ன என்று கிளம்புகிறவர்கள் அவற்றின் நிபந்தனைகளைப் பார்ப்பதில்லை. நெதர்லாந்தின் தேர்வு சூடாக்கப்பட்ட நீச்சல் குளத்தில் நடக்கிறது. சுவீடனின் பயிற்சியில் இறங்குகிறவரோடு கயிறு இணைந்திருக்கிறது. மறுமுனையைப் பிடிக்க ஆள் நிற்கிறார். தண்ணீரில் இருப்பது கொஞ்ச நேரமே. மாற்றுடையும் சூடான இடமும் பக்கத்திலேயே தயார். தனியாகவோ, போன் பிடிக்கும் ஒரு நண்பரோடு மட்டுமோ குளிர்கால ஏரியில் கோட்டோடு குதிப்பது பயிற்சி ஆகாது. போன் பிடித்திருப்பவரால் கயிறு வீச முடியாது. அவரும் பாய்ந்தால் இரண்டு பேரைத் தேட வேண்டியிருக்கும்.

குளிர்நாடுகளுக்குப் போய்க் குடியேறிய தமிழர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிணற்றிலும் குளத்திலும் வாய்க்காலிலும் நீந்திப் பழகியவரின் உடல் அறிந்தது வெதுவெதுப்பான தண்ணீரை. டொராண்டோவிலோ ஒஸ்லோவிலோ சூரிச்சிலோ உள்ள ஏரி வேறொரு பொருள் என்றே எண்ண வேண்டும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உலாவப் போகும் அம்மம்மாவுக்கு, உறைந்த குளம் விளையாட்டுத் திடலைப் போலத் தெரியலாம். ஊரிலிருந்து காஷ்மீருக்கும் லடாக்குக்கும் சுற்றுலா போகிறவர்களுக்கும் அப்படித்தான். பனிக்கட்டியின் மேல் நடப்பதற்கே அது குறைந்தது 15 சென்டிமீட்டர் தடிமனாக இருக்க வேண்டும் என்கிறது கனடாவின் செஞ்சிலுவைச் சங்கம். மேலே நின்று பார்த்து யாராலும் தடிமனைச் சொல்ல முடியாது. நீர் வந்து சேரும் வாய், பாலத்தின் அடி, ஓடும் நீர், பனி மூடிய இடம் ஆகியவற்றில் பனிக்கட்டி மெலிந்திருக்கும். 2022 டிசம்பரில் இங்கிலாந்தின் சோலிஹல் நகரில் பாப்ஸ் மில் ஏரியின் பனிக்கட்டி உடைந்து நான்கு சிறுவர்கள் இறந்தார்கள். அது ஊருக்கு நடுவே, பூங்காவுக்குள் இருக்கும் ஏரி.

விழுந்துவிட்டால்

முதல் ஒரு நிமிடத்துக்கு ஒரே வேலைதான்: வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்து, காது நனையும்படி மல்லாந்து, கைகளை நீருக்குள்ளேயே மெல்ல அசைத்து மிதந்திருங்கள். மூச்சு வாங்கும், அது அடங்கும் என்பதை நினைவில் வையுங்கள். நீந்தவோ கத்தவோ அப்போது முயலாதீர்கள். கோட்டின் ஜிப் மூடியிருந்தால் மூடியே இருக்கட்டும். தொப்பியையும் கையுறையையும் கழற்றாதீர்கள்.

மூச்சு அடங்கியதும் சுற்றிப் பாருங்கள். கையெட்டும் தூரத்தில் பிடிமானம் இருந்தால், விரல்கள் வேலை செய்யும்போதே அதைப் பிடியுங்கள். கரை மிகப் பக்கத்தில் இருந்தால் மட்டுமே, கைகளை நீருக்கு மேலே எடுக்காமல் நகருங்கள். இல்லாவிட்டால் மிதந்தபடி உதவி கேளுங்கள். மேலேறும்போது உடையிலுள்ள நீரின் கனம் முழுவதும் உங்கள் மேல் இறங்கும். ஒரே தாவலில் எழ முடியாது. உடம்பைக் கிடையாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நீரை வடியவிட்டு ஏறுங்கள்.

பனிக்கட்டி உடைந்து விழுந்தவர், வந்த திசைக்கே திரும்ப வேண்டும். உங்கள் எடையை அதுவரை தாங்கிய பனிக்கட்டி அங்கேதான் இருக்கிறது. இரண்டு முன்கைகளையும் விளிம்பின் மேல் வைத்து, கால்களைப் பின்னே நீட்டி உதைத்து, உடம்பு கிடையானதும் மேலே சறுக்கி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காதீர்கள். உருண்டு விலகுங்கள், உறுதியான இடம் வரும்வரை தவழுங்கள். ஏறவே முடியாமல் வலு குறைந்துகொண்டே போனால், முயற்சியை நிறுத்தி, கைகளைப் பனிக்கட்டியின் மேல் பரப்பி அசையாமல் வையுங்கள் என்கிறார் கீஸ்பிரெக்ட். நனைந்த கைப்பட்டை பனிக்கட்டியோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். நினைவு தப்பினாலும் தலை தண்ணீருக்கு மேலே நிற்கும். கோட்டைக் கழற்றி எறிந்தவருக்கு இந்தக் கடைசி வாய்ப்பும் இல்லை.

கரையில் நிற்பவர்

விழுந்தவரைப் பார்த்ததும் நாமும் பாய வேண்டும் என்று மனம் துடிக்கும். பாயாதீர்கள். அதே குளிர் அதிர்ச்சி உங்களுக்கும் வரும், அதே பத்து நிமிடங்கள்தான் உங்களுக்கும். முதலில் அவசர உதவியை அழையுங்கள்: ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 112, பிரிட்டனில் 999, கனடாவில் 911. விழுந்தவரைப் பார்த்து, மல்லாந்து மிதக்கும்படி உரத்துச் சொல்லிக்கொண்டே இருங்கள். பிறகு நீட்டக்கூடிய, வீசக்கூடிய எதையாவது தேடுங்கள்: மிதவை வளையம், கயிறு, மரக்கிளை, ஏணி. ஒன்றும் இல்லாவிட்டால் மஃப்ளர்களை முடிந்து வீசலாம். துணி உயிர் காக்கும் என்பது நமக்குப் புதிதல்ல. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டத்தின் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிக்கொண்டிருந்த இளைஞர்களில் இருவரை, மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை அவிழ்த்து வீசிக் கரைசேர்த்தார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. பனிக்கட்டியின் மேலிருந்து பொருளை வீசும்போது நீங்கள் குப்புறப் படுத்திருங்கள். நின்றால் அதுவும் உடையலாம். நாய் விழுந்திருந்தாலும் இதே விதிதான். நாய் பல நேரம் தானாகவே ஏறிவிடும். பின்னால் இறங்கியவர்தான் திரும்புவதில்லை.

மீட்ட பிறகும் ஆபத்து தீர்வதில்லை. நீருக்குள் இருந்தபோது உடலைச் சுற்றி இருந்த அழுத்தம் வெளியே வந்ததும் நீங்கிவிடுகிறது. ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். குளிர்ந்த இதயம் அதைத் தாங்காமல் நின்றுவிடலாம். அதனால் நெடுநேரம் நீரில் இருந்தவரை முடிந்தவரை கிடையாகவே தூக்குங்கள், கிடையாகவே படுக்கவையுங்கள், நடக்கவைக்காதீர்கள். கழற்றக் கூடாத உடையைக் கழற்ற வேண்டிய நேரம் இப்போதுதான் வருகிறது: காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடையை நீக்கி, தேவையானால் வெட்டி எடுத்து, உலர்ந்த போர்வையால் தலையோடு சுற்றி, மார்புப் பகுதியைச் சூடாக்குங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள், வெந்நீரில் இறக்காதீர்கள், மது கொடுக்கவே கொடுக்காதீர்கள். தெளிவாகப் பேசி, தானே பிடித்துக் குடிக்கக்கூடியவராக இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் தரலாம்.

மூச்சில்லாமல் கிடப்பவரைக் கைவிடவும் கூடாது. 1999 மே மாதம் நார்வேயின் நார்விக் அருகே பனிச்சறுக்கின்போது ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கிய சுவீடன் மருத்துவர் அன்னா பொகென்ஹோல்மின் உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியிருந்தது, இதயம் நின்றிருந்தது. இடைவிடாத முதலுதவியோடு டிரோம்சோ மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சூடேற்றிய பின் அவர் உயிர் மீண்டார். குளிர்ந்த உடலைச் சூடேற்றிப் பார்க்காமல் இறந்ததாக முடிவு கட்டக் கூடாது என்பது மருத்துவர்களின் விதி. பயிற்சி உள்ளவர்கள் வரும்வரை மூச்சூட்டலையும் மார்பு அழுத்தலையும் நிறுத்தாதீர்கள்.

இவ்வளவையும் நினைவில் வைக்க முடியாதவர்கள் இரண்டு முடிவுகளை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள். வீடியோவுக்காகவோ, பந்தயத்துக்காகவோ, பழகிப்பார்க்கவோ, குளிர்காலத்தில் திறந்த நீரில் உடையோடு இறங்குவதில்லை. தவறி விழுந்தால் நீந்துவதில்லை, உடையைக் கழற்றுவதில்லை. மிதந்து மூச்சை மீட்பது. உடையோடு மிதப்பதைப் பழகுவது நல்லதே, எல்லாரும் பழக வேண்டியதே. அதற்கு உரிய இடம் சூடாக்கிய நீச்சல் குளம். பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு அனுப்புகிறவர்கள், உடையோடு மிதக்கும் பாடமும் உண்டா என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். துவைத்த பழைய கோட்டும் ஸ்வெட்டரும் அணிந்து, பயிற்றுநர் அருகில் நிற்க, பிள்ளையும் பெற்றவரும் சேர்ந்தே ஒரு நிமிடம் மல்லாந்து மிதந்து பாருங்கள். அசையாமல் இருந்தால் உடை தாங்கும் என்பதை உடம்பே அறிந்துகொள்ளும். அதே உடையில் சில மீட்டர் நீந்திப் பாருங்கள். ஏன் நீந்தக் கூடாது என்பதையும் அது அறிந்துகொள்ளும்.